ஒரு மாறியில் அமைந்த சமன்பாடுகளும் சமனிலிகளும் கற்பித்தல்

தெரியாத ஓர் எண்ணை மட்டும் கொண்ட சமன்பாடு, ஒரு மாறியில் அமைந்த சமன்பாடு எனப்படும். சமக்குறிக்குப் பதிலாக <, >, ≤, ≥ ஆகிய குறிகளுள் ஒன்று வந்தால் அது சமனிலி (அசமன்பாடு) ஆகும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 8-ஆம் வகுப்பில் ஒரு மாறி நேரியல் சமன்பாடுகளும் 11-ஆம் வகுப்பில் நேரியல் அசமன்பாடுகளும் இடம்பெறுகின்றன. பாடநூல்களில் 'எக்ஸ்' என வரும் மாறியை இக்கட்டுரையில் 'க' என எழுதுவோம்.

தராசும் சமன்பாடும்

விழுப்புரம் மாவட்டத்தில் புதுச்சேரியை ஒட்டியுள்ள கோட்டக்குப்பம் போன்ற கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்கு மீன் வாங்குவதும் எடை பார்ப்பதும் பழகிய செயல். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம். தட்டுத் தராசின் ஒரு தட்டில் சம எடையுள்ள 3 மீன் பொட்டலங்களும் 2 கிலோ எடைக்கல்லும், மறு தட்டில் 11 கிலோ எடைக்கற்களும் உள்ளன. தராசு சமமாக நிற்கிறது.

3க + 2 = 11

இரு தட்டிலும் 2 கிலோவை எடுத்தால் 3க = 9. இரு பக்கத்தையும் 3 ஆல் வகுத்தால் க = 3. ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் செய்ய வேண்டும். சமன்பாட்டுக்கு இந்த ஒரு விதி போதும்.

பல வகுப்பறைகளில் இதற்குப் பதிலாக, "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற குறுக்குவழியே சொல்லித்தரப்படுகிறது. இக்கட்டுரையாளரும் பணிக்காலத்தின் தொடக்கத்தில் அதையே சொல்லிக்கொடுத்தவர்தான். விடை விரைவாக வரும், ஆனால் காரணம் மறைந்துவிடும். பிறகு 3க = 9 என்பதில் 3-ம் "குறி மாறி" −3 ஆகிவிட, மாணவர் க = 9 − 3 என எழுதுவார். பிழை எங்கே என்று அவருக்கே தெரியாது. "எனக்குக் கணக்கு வராது" என்ற முடிவுக்குப் பலர் வருவது இந்த இடத்தில்தான்.

வரலாறு

கி.பி. 499-இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்தில் இத்தகைய கணக்குக்கு விதி உள்ளது. எடுத்துக்காட்டாக, ஒருவரிடம் 6 மாடுகளும் 40 பணமும், மற்றவரிடம் 4 மாடுகளும் 60 பணமும் உள்ளன. இருவர் செல்வமும் சமம் எனில், பண வேறுபாடான 20-ஐ மாடுகளின் வேறுபாடான 2 ஆல் வகுக்க, ஒரு மாட்டின் விலை 10 பணம். தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் கணக்குகளைச் செய்யுள் வடிவில் தருகிறது. சமக்குறியை 1557-இல் இராபர்ட் ரெக்கார்டு அறிமுகப்படுத்தினார். <, > குறிகள் தாமஸ் ஹாரியட் மறைந்தபின் 1631-இல் வெளிவந்த அவரது நூலில் அச்சாயின.

சமனிலி

கையில் 500 ரூபாய் உள்ளது. ஆட்டோவுக்கு 80 ரூபாய் போக, கிலோ 140 ரூபாய் மீன் எவ்வளவு வாங்கலாம்?

80 + 140க ≤ 500
140க ≤ 420
க ≤ 3

இங்கே விடை ஓர் எண் அன்று. 3 கிலோ வரை எந்த அளவும் வாங்கலாம். எடை குறை எண் ஆகாது என்பதால் 0 ≤ க ≤ 3. எண்கோட்டில் வரையும்போது, முனை எண் விடையில் சேர்ந்தால் நிரப்பிய வட்டமும் சேராவிட்டால் வெற்று வட்டமும் இட வேண்டும்.

குறி திரும்புவது ஏன்?

2 < 5 என்பது உண்மை. இரு பக்கத்தையும் −1 ஆல் பெருக்கினால் −2, −5 கிடைக்கும். எண்கோட்டில் −5 இடப்புறம் இருப்பதால் −2 > −5. குறை எண்ணால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் எண்கள் பூச்சியத்தின் மறுபுறம் சென்று வரிசை தலைகீழாகிறது. எனவே குறியும் திரும்புகிறது.

7 − 2க > 1 என்பதைக் குறை எண்ணால் வகுக்காமலும் தீர்க்கலாம். இரு பக்கமும் 2க கூட்டினால் 7 > 1 + 2க. இரு பக்கமும் 1 கழித்தால் 6 > 2க. ஆகவே 3 > க, அதாவது க < 3. இந்த வழியையும் செய்து காட்டினால், குறி திரும்புவது ஆசிரியரின் கட்டளை அன்று என்று மாணவர் உணர்வார்.

எதிர்ப்பிழையும் உண்டு. 2க > −6 என்பதில் கழித்தல் குறியைக் கண்டதும் சிலர் சமனிலிக் குறியைத் திருப்பிவிடுவர். வகுக்கும் எண் 2, அது மிகை எண். எனவே விடை க > −3.

சரிபார்த்தல்

சமன்பாட்டின் விடையை மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் போதும். சமனிலிக்கு மூன்று எண்கள் தேவை: எல்லை எண், அதற்குச் சிறியது ஒன்று, பெரியது ஒன்று. 7 − 2க > 1 என்பதில் 2 இட்டால் 3 > 1, சரி. 3 இட்டால் 1 > 1, தவறு. 4 இட்டால் −1 > 1, தவறு. இப்படிச் சோதிக்கப் பழகிய மாணவர், விடை சரியா என்று ஆசிரியரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.