லேசர் செதுக்கு யந்திரம்: முதலில் அறிய வேண்டியவை

உளியும் சுத்தியும் இன்றி, ஒளிக்கதிரின் வெப்பத்தால் மரத்திலும் அட்டையிலும் எழுத்தும் சித்திரமும் பொறிக்கும் கருவியே லேசர் செதுக்கு யந்திரம். 1960ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தோற்றுவிக்கப்பட்ட லேசர் ஒளி, இன்று மேஜைமீது வைக்கத்தக்க சிறு கருவியிலும் அடங்கிவிட்டது. சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற சின்னாளப்பட்டியில், சேலையுடன் அனுப்பும் பெயரட்டை, மரப்பெட்டி, பரிசுக் கேடயம் முதலியவற்றை உள்ளூரிலேயே செய்துகொள்ள இது ஏற்றது. ஆயினும், யந்திரம் வந்த அன்றே நல்ல பலகையை அதில் வைத்துவிடலாகாது.

முதலில் இரண்டு எண்களைப் புரிந்துகொள்வோம். ஒன்று, கதிரின் வலிமை. இதைச் சதவிகிதத்தில் குறிப்பர். மற்றொன்று, வேகம், கதிர் வினாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் ஓடுகிறது என்பது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. இஸ்திரிப் பெட்டி நன்கு சூடேறியிருந்தாலும் விரைந்து ஓட்டினால் துணிக்குத் தீங்கில்லை. அதே பெட்டி ஓரிடத்தில் நின்றால் துணி கருகிவிடும். அதுபோலவே, வலிமையை மாற்றாமல் வேகத்தைப் பாதியாக்கினால், பலகையில் அதே நீளத்திற்கு இரு மடங்கு வெப்பம் இறங்கும். ஆகவே, பக்கத்து ஊர்க்காரரிடம் சதவிகிதத்தை மட்டும் கேட்டுவந்து வேலை தொடங்குவோருக்குப் பலகைதான் வீணாகும்.

அடுத்தது குவியம். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதம் எரித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கண்ணாடி சற்று விலகினாலும் புள்ளி பெரிதாகிச் சூடு குறையும். பலகையின் கனம் மாறும்போதெல்லாம் இவ்வுயரத்தைச் சரிபார்க்க வேண்டும். வரிகளுக்கிடையே 0.1 மில்லிமீட்டர் இடைவெளி தொடக்கத்திற்குப் போதும். மிக நெருக்கினால் ஒரே இடம் திரும்பத் திரும்பச் சுடப்படும்.

சரியான அளவை அறியச் சுலபமான வழி ஒன்று உண்டு. வேலைக்குரிய அதே மரத்தின் கழிவுத்துண்டில் பன்னிரண்டு சிறு கட்டங்களைப் பொறிக்கலாம். குறுக்கே வலிமை 10, 20, 30, 40 சதவிகிதம்; நெடுக்கே வேகம் 100, 200, 300. எந்தக் கட்டம் தெளிவாக இருக்கிறதோ, அதன் எண்களை மரத்தின் பெயருடன் நோட்டில் குறித்துக்கொள்க. தேக்கின் கணக்கு மாமரத்திற்குப் பொருந்தாது.

மகளிர் குழுவுக்கு யந்திரம் வாங்க ஆலோசிக்கும் பஞ்சாயத்து உறுப்பினர்கள், எப்பொருளில் பொறிக்கப் போகிறோம் என்பதை முன்னரே தீர்மானிப்பது அவசியம். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டில் பெயர் பொறிக்க விரும்பினால், மரத்திற்குரிய கரியமிலவாயு லேசர் உதவாது. அதன் கதிரின் பெரும்பகுதியை வெறும் உலோகம் திருப்பி அனுப்பிவிடும். அவ்வேலைக்கு ஃபைபர் லேசர் வேண்டும். இதை விசாரியாமல் வாங்கினால் பொதுப்பணம் முடங்கும்.

ரெக்சின் போன்ற பி.வி.சி. பொருள்களை யந்திரத்தில் வைக்கவே கூடாது; அவை எரிகையில் எழும் அமில வாயு நுரையீரலுக்கும் யந்திரத்திற்கும் கேடு. மரப்புகையையும் குழாய் வழியே வெளியேற்றுதல் வேண்டும். கண்ணைக் காக்க, மூடியைத் திறந்து வைத்து ஓட்டலாகாது. குழாயைக் குளிர்விக்கும் நீர் கோடையில் விரைவில் சூடேறும். அதைக் கவனித்து மாற்றுக. வேலை நடக்கையில் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். தீயணைப்புக் கருவியும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.