புது போனில் என்ன இல்லை? கேட்டு வாங்குங்க!

தீபாவளி போனஸ் பட்டுவாடா ஆனதும் திருப்பூரில் கூட்டம் கூடுகிற இடங்களில் செல்போன் கடையும் ஒன்று. செக்கிங்கில் கால் கடுக்க நின்றும், ஓவர்லாக் மிஷினில் முதுகு வலிக்க உட்கார்ந்தும் சம்பாதித்த காசு அது. கடைக்காரர் கேமரா, கலர் என்று போனில் இருப்பதையெல்லாம் அடுக்குவார். இல்லாததை அவராகச் சொல்லமாட்டார். நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

சின்ன வசதிதானே என்று நினைக்காதீர்கள். 2003-ல் வந்த நோக்கியா 1100 போனில் கேமரா கிடையாது. ஆனால் தலைப்பக்கம் ஒரு குட்டி டார்ச் இருந்தது. கரண்ட் போனால் கை கொடுத்த அந்தப் போன், உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. 2017-ல் வந்த ஜியோபோனில் முதலில் வாட்ஸ்அப் இல்லை. பலரும் அதைக் கேட்டார்கள். 2018 செப்டம்பரில் சேர்த்தார்கள்.

ரேடியோ எங்கே போச்சு?

"ஏனுங்க, இதுல ரேடியோ வருமுங்களா?" என்று கேட்டால், "நெட்டுல கேட்டுக்கலாங்க" என்று பதில் வரும். இரண்டும் ஒன்றல்ல. எஃப்.எம். ரேடியோவுக்கு டேட்டா செலவே இல்லை. மழை வெள்ளத்தில் செல்போன் டவர் வேலை செய்யாவிட்டாலும் ரேடியோவில் செய்தி கேட்கலாம். ஹெட்போன் ஒயர்தான் அதற்கு ஏரியல். 2016-ல் ஆப்பிள் ஐபோன் 7-ல் ஹெட்போன் துளையை எடுத்தது. பிறகு மற்றவர்களும் எடுக்க ஆரம்பித்தார்கள். துளை போனதும் பல போன்களில் ரேடியோவும் போய்விட்டது. 2023 ஏப்ரலில், ரேடியோ வசதியை முடக்க வேண்டாம் என்று போன் தயாரிப்பாளர்களுக்கு மத்திய அரசே அறிவுரை சொன்னது. (மிஷின் ஓட்டும்போது மட்டும் காதில் மாட்டாதீங்க. ஆபத்து!)

இரண்டாவது சிம்

நம் வீடுகளில் ஒரு சிம் பேங்குக்கும் ஆதாருக்கும் கொடுத்த பழைய நம்பர். இன்னொன்று, மலிவாக டேட்டா கிடைக்கிறது என்று வாங்கியது. சில போன்களில் இரண்டு சிம் என்று எழுதியிருக்கும். தட்டை இழுத்துப் பார்த்தால், இரண்டாவது இடத்தில் சிம் போடலாம் அல்லது மெமரி கார்டு போடலாம்; இரண்டையும் சேர்த்துப் போட முடியாது. குழந்தையின் போட்டோக்கள் நிறைந்த கார்டைப் போடுவதற்காக பழைய சிம்மைக் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைப்போம். அங்கேதான் வினை! தொடர்ந்து 90 நாள் உபயோகிக்காமல் கிடந்தால் அந்த நம்பரைத் துண்டித்துவிடலாம். பிறகு அது வேறொருவர் கைக்கும் போகலாம். உங்கள் சம்பளக் கணக்கின் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தானே வரும்?

'எதற்கு வம்பு, வீட்டுக்காரர் நம்பரையே கொடுத்துடலாம்' என்று விட்டுவிடாதீர்கள். அவர் ஷிப்டில் இருக்கும்போது குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், உங்கள் பணத்தை எடுக்கவே அவரைத் தேட வேண்டி வரும். நீங்கள் உழைத்த பணத்துக்கு உங்கள் நம்பர்தான் சாவி.

சார்ஜரும் கூட வருமா?

2020-ல் ஐபோன் 12 சார்ஜர் இல்லாத பெட்டியில் வந்தது. இப்போது வேறு சில கம்பெனிகளும் அப்படித் தருகின்றன. சார்ஜர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மலிவு என்று முத்திரை இல்லாததை வாங்காமல், பி.ஐ.எஸ். முத்திரை பார்த்து வாங்குங்கள்.

கடைக்குப் போகுமுன்

* இப்போதைய போனில் தினமும் பயன்படுத்துவதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

* சிம் தட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு சிம், ஒரு கார்டு என மூன்று இடம் இருக்கிறதா பாருங்கள்.

* ஹெட்போன் மாட்டி ரேடியோ போட்டுக் கேளுங்கள்.

* தமிழில் டைப் செய்து பாருங்கள்.

* ஆபத்து நேரத்தில் உதவி கேட்க எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று கேட்டுப் பழகுங்கள். அவசர எண் 112. பெண்கள் உதவி எண் 181.

கடைக்காரர் சலித்துக்கொள்வாரோ என்று கூச்சப்பட வேண்டாம். ஒரு பனியன் துண்டில் சின்னப் பொத்தல் இருந்தாலும் எடுத்துத் தனியே வைக்கிற கண் உங்களுடையது. அந்தக் கண்ணோடு போனையும் பாருங்கள்!