சேறு வேறு கையில்

2024 செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை, அமெரிக்க அதிபர் தேர்தலின் கடைசி 60 நாள் தொடங்கியது. அன்றிலிருந்து தொலைக்காட்சி நிலையங்கள் வேட்பாளர்களிடம் மிகக் குறைந்த கட்டணத்தையே வாங்க வேண்டியிருந்தது. வேட்பாளர் பெயரைச் சொல்லி விளம்பரம் போடும் வெளி அமைப்புகளுக்குக் கணக்குக் காட்டும் விதியும் இறுகியது. இதைப் பற்றி நான் எழுதிய குறிப்புக்கு வந்த கடிதங்களில் குழப்பமே மிகுதி. பென்சில்வேனியாவில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “சில விளம்பரங்களில் வேட்பாளரே வந்து ‘இதற்கு என் ஒப்புதல் உண்டு’ என்கிறார். கண்டபடி திட்டும் விளம்பரங்களில் அவரைக் காணோமே, ஏன்?”

ஒப்புதல் வாசகம் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. எதிராளியைத் தாக்கிவிட்டு, சொந்தக் குரலில் பொறுப்பேற்க வேண்டும் என்றால் வேட்பாளருக்குக் கூச்சம் வரும் என்று அதை இயற்றியவர்கள் நம்பினார்கள். கூச்சம் வந்தது உண்மைதான். ஆனால் தாக்குதல் நிற்கவில்லை. வேறு ஆட்களிடம் போய்ச் சேர்ந்தது.

வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 1988இல் அதிபர் வேட்பாளராக நின்ற மாசசூசெட்ஸ் ஆளுநர் டுகாகிஸுக்கு எதிராக, வார இறுதி விடுப்பில் போய்க் குற்றம் செய்த கறுப்பினக் கைதி ஒருவரின் முகத்தைக் காட்டி ஒரு விளம்பரம் வந்தது. போட்டது வெளி அமைப்பு. எங்களுக்குத் தொடர்பில்லை என்றது அவரை எதிர்த்து நின்ற புஷ் தரப்பு. அதே தரப்பு அதே விடுப்புத் திட்டத்தைச் சாடித் தன் சொந்த விளம்பரத்தை ஓட்டியது. அதில் அந்த முகம் மட்டும் இல்லை. இனவெறுப்பைத் தூண்டும் வேலையை வெளியார் பார்த்தார்கள், பலனை வேட்பாளர் எடுத்துக்கொண்டார்.

2010இல் வந்த இரு நீதிமன்றத் தீர்ப்புகள் இந்த ஏற்பாட்டுக்குப் பண வரம்பே இல்லாமல் செய்தன. 2024இல் ஒருவர் ஒரு தேர்தலுக்கு வேட்பாளரிடம் நேரடியாகக் கொடுக்க முடிந்தது 3,300 டாலர். ‘சூப்பர் பேக்’ எனப்படும் வெளி அமைப்புக்கு எவ்வளவும் கொடுக்கலாம். ட்ரம்பை ஆதரித்த ஓர் அமைப்புக்கு டிமதி மெல்லன் என்ற செல்வந்தர் அந்த ஆண்டு ஒரே தவணையில் 5 கோடி டாலர் கொடுத்தார். ஹாரிஸ் பக்கமும் இத்தகைய பெரிய அமைப்பு இயங்கியது. கட்டணச் சலுகை இவற்றுக்குக் கிடையாது. இவ்வளவு பணம் வரும்போது அது ஒரு பொருட்டும் இல்லை.

முக்கிய நிபந்தனை, வேட்பாளரோடு கலந்து பேசக் கூடாது. அப்படிப் பேசாமல் செய்தால் அது ‘சுயேச்சையான செலவு’ என்கிறது சட்டம். இதை நான் நம்பவில்லை. பொதுவெளியில் கிடைக்கும் தகவலைப் பயன்படுத்துவது கலந்து பேசுவதாகாது என்று தேர்தல் ஆணைய விதியே சொல்கிறது. ஆகவே வேட்பாளர் தன் இணையதளத்தின் ஒரு மூலையில் சிவப்புக் கட்டம் போட்டு எழுதுகிறார்: இந்த ஊரில், இந்த வயதினர், என் எதிராளியைப் பற்றி இதைப் ‘பார்க்க’ வேண்டும். ‘பார்க்க’ என்றால் தொலைக்காட்சி. ‘படிக்க’ என்றால் தபாலில் வரும் துண்டறிக்கை. கூடவே, பேச்சில்லாமல் வேட்பாளர் சிரித்தபடி நடக்கும் காட்சித் துண்டுகளும் கிடக்கும். வெளி அமைப்பு எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஊரறியச் சொன்னதால் இது ரகசியப் பேச்சு இல்லையாம்.

எதிர்த்திசையில், வெளி அமைப்பிலிருந்து வேட்பாளருக்கும் இது நடக்கும். 2023 ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டிக்கான மில்வாக்கி விவாதத்துக்கு முன், போட்டியாளர் டிசாண்டிஸ் யாரைத் தாக்க வேண்டும், யாரைத் தாங்க வேண்டும் என்ற குறிப்புகள் அவரை ஆதரித்த சூப்பர் பேக்கோடு தொடர்புடைய ஆலோசனை நிறுவனத்தின் இணையதளத்தில் கிடந்தன. அடிக்க வேண்டிய ஆள் விவேக் ராமசாமி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அவர் இந்து என்பதும் அந்தக் கோப்புகளில் இடம்பெற்றது. ஜனநாயகக் கட்சியும் விலக்கல்ல. 2020இல் அக்கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற புட்டிஜெஜின் தரப்பினர் ஒருவர், அவருடைய ராணுவ அனுபவத்தை நெவாடா மக்கள் திரையில் பார்க்க வேண்டும் என்று ட்விட்டரில் எழுதினார். அப்படியே ஒரு வெளி அமைப்பின் விளம்பரம் நெவாடாவில் ஓடியது. புகார் ஆணையம்வரை போயும் தண்டனை ஏதும் இல்லை.

ஆணையத்தில் ஆறு இடங்கள். ஒரு கட்சிக்கு மூவருக்கு மேல் கூடாது. நடவடிக்கைக்கு நான்கு வாக்கு வேண்டும். மூன்றுக்கு மூன்று என்று நின்றால் கோப்பு மூடப்படும். இதை நடுநிலை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பொய்யைப் பரப்பியவரையும் அதனால் வென்றவரையும் இணைத்துக் கேள்வி கேட்க வாக்காளருக்கு இருந்த ஒரே அலுவலகம் அது.

மற்ற கேள்விகள்:

பொய் விளம்பரத்தை நிலையம் மறுக்கலாமா? வேட்பாளரே கொடுத்ததை உள்ளூர் ஒளிபரப்பு நிலையம் திருத்தவோ தணிக்கை செய்யவோ முடியாது; வெளி அமைப்பினுடையதை மறுக்கலாம்.

அவதூறு வழக்கு? தெரிந்தே பொய் சொன்னார்கள், அல்லது உண்மையா என்று துளியும் பொருட்படுத்தவில்லை என்று நிரூபிக்க வேண்டும். அதற்குள் தேர்தலே முடிந்துவிடும்.

60 நாள் விதி யூடியூபுக்கு? ஒளிபரப்பு, கேபிள், செயற்கைக்கோளுக்கு மட்டும்.

எச்-1பி விசாவில் இருக்கும் மகன் நன்கொடை தரலாமா? கூடாது, சூப்பர் பேக்குக்கும் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் தரலாம்.

நம் ஊர்போல் 48 மணி நேரப் பிரசார ஓய்வு? கிடையாது, வாக்குப்பதிவு நாளிலும் விளம்பரம் ஓடும்.

சிவப்புக் கட்டத்தை எங்காவது தடுத்திருக்கிறார்களா? ஃபிலடெல்ஃபியா நகர நெறிமுறை வாரியம் தன் நகரத் தேர்தல்களுக்கு விதி கொண்டுவந்திருக்கிறது. அதிபர் தேர்தலை அது கட்டுப்படுத்தாது.