மூளைத் தமனியின் சுருக்கமும் காந்தப் படமும்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் திடீரென்று வலக்கை தளர்கிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறது. கூப்பிட நினைத்தால் சொல் குழறுகிறது. வீட்டார் பதறி ஓடி வருகின்றனர். ஆனால் கால் மணி நேரத்திற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. "பித்த மயக்கம், ஒரு குவளை மோர் குடித்தால் போதும்" என்று தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டு அவர் அலுவலுக்குப் புறப்பட்டுவிடுகிறார். நேயர்களே, பக்கவாதம் கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது என்பதை அவர் அறியார். இத்தகைய தற்காலிகத் தாக்குதலுக்குப் பிறகு, முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே நிலையான பக்கவாதம் வரும் அபாயம் மிகுதி. கதவைத் தட்டியது எது என்று கண்டறிய வேண்டிய வேளை அதுதான்.

காரணங்கள் பல. இருதயத்தில் உறைந்த இரத்தக் கட்டி மேலேறி வந்திருக்கலாம். கழுத்துத் தமனியில் அடைப்பு இருக்கலாம். அல்லது மண்டையோட்டுக்குள்ளேயே, மூளையின் தமனி ஒன்று கொழுப்புப் படிந்து குறுகியிருக்கலாம். மேலை நாட்டு வெள்ளையரிடம் கழுத்துத் தமனியின் அடைப்பே மிகுதி. சீனர், ஜப்பானியர், கொரியர், நம்மவர் ஆகியோரிடமோ மண்டையோட்டுக்குள் நேரும் சுருக்கம் அதிகமாகக் காணப்படுகிறது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் தங்களிடம் வந்த பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்தபோதும் இதையே கண்டனர். ஆகவே கழுத்தைச் சோதித்து "குறையில்லை" என்று நின்றுவிடுவது நம் நாட்டு நோயாளிக்குப் போதாது.

கழுத்தின் வழியாக நான்கு தமனிகள் மூளைக்கு ஏறுகின்றன. மூளையின் அடியில் அவை ஒரு வளையமாக இணைகின்றன. 1664-இல் அதைச் சிறப்பாக வருணித்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரால் அது வழங்குகிறது. வளையத்திலிருந்து பக்கவாட்டில் பிரியும் நடு மூளைத் தமனியின் உட்குறுக்களவு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். அதில் பாதி அடைபட்டால் இரத்தம் பாயும் பரப்பு பாதியாவதில்லை, காற்பங்காகிவிடுகிறது. உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, இருதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கும் உறுப்பு. அதன் வாய்க்கால் காற்பங்கானால் விளைவு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதை அந்தமான் நிக்கோபார் நேயர்களுக்கு முக்கியமாகக் கூறக் காரணம் உண்டு. தமனியைக் குறுக்கும் காரணங்களுள் தலையாயது உயர் இரத்த அழுத்தம். கார் நிக்கோபார் தீவில் நிக்கோபாரி மக்களிடையே நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது இருந்தது. அந்தத் தீவு, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர்; பெரிய நிக்கோபாரின் காம்ப்பெல் விரிகுடாவோ 500 கிலோமீட்டருக்கும் அப்பால். தலைநகரிலிருந்து சென்னைக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல். கப்பலானால் ஏறத்தாழ மூன்று நாள் பிரயாணம். இத்தனை தூரம் ஒருவரை அனுப்பலாமா, எவ்வளவு விரைவாக அனுப்ப வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு, மண்டையோட்டைத் திறக்காமலே உள்ளே பார்க்கும் ஒரு கண் மருத்துவருக்கு வேண்டும்.

அத்தகைய கண் முதலில் கிடைத்தது 1927-இல். லிஸ்பன் நகரத்து மருத்துவர் எகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தி, எக்ஸ்-கதிர்ப் படத்தில் மூளைத் தமனிகளைத் தெரியச் செய்தார். இன்றும் மிக நுட்பமான படம் அந்த வழியில்தான் கிடைக்கிறது. ஆனால் தமனிக்குள் குழாய் நுழைக்க வேண்டும். அதனால் சிறிதளவேனும் ஆபத்து உண்டு. கை தளர்ந்து தேறிய ஒவ்வொருவரையும் அதற்கு உட்படுத்த இயலாது.

காந்த ஒத்ததிர்வுப் படம், அதாவது எம்.ஆர்.ஐ., வேறு வழியில் செல்கிறது. நம் உடலில் நீர் நிறைந்திருக்கிறது. நீரில் ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஒவ்வொரு அணுக்கருவும் ஒரு சிறு காந்தம் போன்றது. பூமியின் காந்தத்தைப்போல் ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு வலிய காந்தத்துக்குள் உடல் வைக்கப்படும்போது, இந்தச் சிறு காந்தங்கள் பம்பரம்போல் ஒரு குறித்த வேகத்தில் தலைசுற்றுகின்றன. அந்த வேகத்துக்குப் பொருந்தும் வானொலி அலையைப் பாய்ச்சினால் அவை சக்தியை ஏற்றுப் பிறகு திருப்பி ஒலிக்கும். 1.5 டெஸ்லா காந்தத்தில் அந்த அலைவரிசை ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். 3 டெஸ்லாவில் 128. நம் பண்பலை ஒலிபரப்பு இரண்டுக்கும் நடுவே அமைந்திருக்கிறது! அதனால்தான் அந்த அறையைச் செம்புத் தகட்டால் பொதிகின்றனர். வானொலி நிலையங்கள் கேளாத ஓர் இடம் உண்டென்றால் அது அதுவே. எங்களுக்கு இதில் மனத்தாங்கல் இல்லை. இத்துறையில் முன்னோடிகளான லாட்டர்பர், மான்ஸ்பீல்டு இருவரும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர். நம் நாட்டில் முதல் கருவி டில்லியிலுள்ள அணு மருத்துவக் கழகத்தில் 1986-இல் அமைந்தது.

இனி, தமனியை மட்டும் எவ்வாறு பிரித்துக் காட்டுகிறார்கள்? பாரதாங் தீவின் சதுப்புக் காட்டு ஓடையில் படகேறிப் போயிருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நிலவொளியில் கரையும் சேறும் இருண்டு கிடக்கும். ஓடும் நீர் மட்டும் மின்னும். காந்தப் படத்திலும் அப்படியே. தலையின் ஒரு பகுதிக்கு வானொலி அலையை ஓயாமல் அடுத்தடுத்துப் பாய்ச்சுகிறார்கள். அசையாது இருக்கும் மூளைத் திசு அடிமேல் அடி பட்டு அயர்ந்து, மறுமொழி கூறும் வலிமையை இழக்கிறது. கழுத்திலிருந்து புதிதாக வந்து சேரும் இரத்தமோ அடிபடாதது; ஆகவே உரக்க ஒலிக்கிறது. படத்தில் இரத்தம் வெண்மையாகவும் மற்றவை கருமையாகவும் தோன்றுகின்றன. ஊசி இல்லை, மருந்து இல்லை, எக்ஸ்-கதிர் இல்லை. ஆகையால் சிறுநீரகம் கெட்டவருக்கும் இது இசையும். தமனிப் படத்துக்கு ஐந்து ஆறு நிமிஷம் போதும். உடன் எடுக்கும் மற்றொரு படம், நீர் மூலக்கூறுகளின் அசைவை அளந்து, சற்று முன் மடிந்த மூளைப் பகுதியைப் பளிச்சென்று காட்டிவிடும்.

ஆனால் இந்தக் கண்ணுக்கும் மயக்கம் உண்டு. அது பார்ப்பது குழாயை அன்று, ஓட்டத்தை. குறுகிய இடத்தைத் தாண்டியதும் இரத்தம் சுழித்துப் புரளும். சுழியில் அணுக்களின் குரல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, அவ்விடம் கருத்துப் போகும். பாதி அடைப்பு முக்கால் அடைப்பாகத் தோன்றுவது இவ்வாறே. மிக மெதுவாக ஓடும் இரத்தமும் வழியிலேயே அயர்ந்து மறைந்துவிடலாம். மேலும் படத்தின் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் அளவு என்று கொண்டால், 3 மில்லிமீட்டர் தமனிக்குக் குறுக்கே ஆறு புள்ளிகளே இருக்கும். பாதி அடைப்பென்பது மூன்று புள்ளி. ஒரு புள்ளி பிசகினால் கணக்கு எங்கோ போய்விடும். அமெரிக்காவில் நடந்து 2007-இல் வெளிவந்த ஆய்வொன்றில், குழாய் நுழைத்து எடுத்த படத்தோடு இதை ஒப்பிட்டனர். பாதிக்கு மேற்பட்ட சுருக்கம் இல்லை என்று காந்தப் படம் கூறியபோது நூற்றுக்கு 91 தடவை அது மெய்யாயிற்று. இருக்கிறது என்று கூறியபோதோ 59 தடவையே மெய்யாயிற்று. எனவே "இல்லை" என்னும் சொல்லைப் பெரும்பாலும் நம்பலாம். "உண்டு" என்னும் சொல்லை மற்றொரு சாட்சி கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எழுத்து வடிவ அறிக்கையில் "சுருக்கம்" என்ற ஒரு சொல்லைப் பார்த்தே மனம் தளர்ந்துவிடுவோர் இதை நினைவில் கொள்வார்களாக.

சுருக்கம் உறுதியானால் அதைக் கம்பிக் கூண்டு வைத்து விரித்துவிடலாமே என்று தோன்றும். அவ்வாறே வல்லுநர்களும் எண்ணினர். 70 சதவீதத்துக்கு மேல் குறுகிய தமனியும் அண்மையில் தாக்குதலும் உள்ளவர்களை இரு பிரிவாக்கிச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2011-இல் வெளிவந்தது. முதல் முப்பது நாளில் பக்கவாதத்துக்கோ மரணத்துக்கோ ஆளானோர், கூண்டு வைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 14.7 பேர், மருந்தும் ஒழுங்கான வாழ்வும் மட்டும் பெற்றவர்களில் 5.8 பேர். ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் மூன்று மாதம், பிறகு ஆஸ்பிரின் தொடர்ந்து, மேல் இரத்த அழுத்தம் 140-க்குக் கீழ், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, புகை விலக்கு, நடைப் பயிற்சி. இவையே அங்கு வென்ற சிகிச்சை. இவற்றுள் எதுவும் சென்னையில்தான் கிடைக்கும் என்பதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. மூளைக்குள் இரத்தக் கசிவு நேர்ந்தாலும் கை தளரும், வாய் கோணும். அப்போது ஆஸ்பிரின் கேடு செய்யும். படம் பார்த்துக் கசிவில்லை என்று அறியுமுன் வீட்டிலேயே அதை விழுங்குதல் தகாது.

படம் எடுத்த பின் தூரம் பெரிய தடையன்று. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையைச் செயற்கைக்கோள் வழியாகச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியோடு இணைத்தது. 2020 ஆகஸ்டு 10 அன்று, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் சென்னையைத் தீவுகளோடு பிணைத்தது. கார் நிக்கோபாரும் காமோர்ட்டாவும் பெரிய நிக்கோபாரும் அதில் சேர்ந்தன. நூற்றுக்கணக்கான படங்கள் நிமிஷக்கணக்கில் கடலைக் கடந்து நிபுணரின் மேசைக்குச் சேரலாம். கடலைக் கடக்க மாட்டாதது காந்தம்தான். திரவ ஹீலியத்தால் சுழிக்குக் கீழ் 269 டிகிரியில் காக்கப்படும் அந்தக் காந்தத்தைக் குளிர்விக்கும் இயந்திரம் இரவும் பகலும் ஓட வேண்டும். பெரும்பாலும் டீசலால் மின்சாரம் எடுக்கும் தீவுகளில் அது எளிய செலவன்று.

படம் எடுக்கச் செல்வோர் தெரிவிக்க வேண்டிய செய்திகள் சில உண்டு. இருதய இயக்கிக் கருவி உடலில் இருந்தாலும், மூளையில் முன்பு உலோகப் பிடிப்பு வைத்திருந்தாலும் மறைக்கலாகாது. கப்பல் பட்டறையில் இரும்பு ராவியோர், பற்றவைத்தோர் தம் தொழிலைச் சொல்லவேண்டும். கண்ணில் பல ஆண்டுக்கு முன் தைத்த இரும்புத் துகள்கூட அந்தக் காந்தத்தில் அசைந்து பார்வையைக் கெடுக்கும். ஆகையால் முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பார்கள். உள்ளே தகரக் கொட்டகையின் மேல் கல்மழை பெய்வதுபோல் சத்தம் கேட்கும், காதடைப்பான் தருவார்கள். தலையை அசைக்காமல் படுத்திருந்தால் போதும்.