டிஎன்எஸ் சர்வர் எவ்வளவு தாங்கும்?

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் மணிக்கணக்கில் முடங்கிப்போயின. அதே நேரத்தில், ஃபேஸ்புக் நிறுவனத்தோடு சம்பந்தமே இல்லாத கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 டிஎன்எஸ் சர்வர்கள் மேல் வழக்கத்தைப்போல் 30 மடங்கு கேள்விகள் வந்து விழுந்தன. முடங்கியது ஓரிடம், சுமை ஏறியது வேறோர் இடம்.

இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ் சர்வரின் வேலை. ஒருமுறை கிடைத்த விடையைக் குறிப்பிட்ட காலம்வரை கேஷில் வைத்துக்கொள்ளும். அடுத்து கேட்பவருக்கு அங்கிருந்தே பதில் போய்விடும். கேஷில் இல்லாவிட்டால் ரூட் சர்வர், அதன்கீழ் '.காம்' சர்வர், அதன்கீழ் அந்தத் தளத்தின் சொந்த சர்வர் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். ஃபேஸ்புக் விவகாரத்தில் கடைசிக் கதவு திறக்கவே இல்லை. விடை கிடைக்காததால் கோடிக்கணக்கான செல்போன் செயலிகள் திரும்பத் திரும்பக் கேட்டன.

ஆகவே ஒரு சர்வரின் தாங்குதிறனைத் தீர்மானிப்பதில் சிபியு வேகத்துக்கு இணையான பங்கு, வரும் கேள்விகளில் எத்தனை கேஷிலேயே முடிகின்றன என்பதற்கும் உண்டு. தாங்குதிறன் சோதனைகள் தவறான நம்பிக்கை தருவதும் இந்த இடத்தில்தான். ஒரே பெயரை லட்சம் முறை கேட்டால் எந்தச் சாதாரண கணினியும் பிரமாதமான எண்ணைக் காட்டும்.

இந்தச் சோதனைக்கு டிஎன்எஸ்பெர்ஃப், ரெஸ்பெர்ஃப் என்ற இரண்டு இலவசக் கருவிகள் உண்டு. முதலாவது, பதில் வர வர அடுத்த கேள்வியை அனுப்பும். நாம் மாற்றாவிட்டால், பதில் வராத கேள்விகள் 100க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளும். தன்னிடமுள்ள விவரத்தை மட்டும் சொல்லும் சர்வருக்கு அது போதும். பிறரைக் கேட்டுப் பதில் தரும் சர்வருக்குப் பொருந்தாது: பதில் வராத சில பெயர்களே அந்த 100 இடங்களையும் அடைத்துக்கொண்டு சோதனையையே மந்தமாக்கிவிடும். ரெஸ்பெர்ஃப் அப்படிக் காத்திருப்பதில்லை. சுழியத்தில் தொடங்கி 60 நொடிகளுக்குள் நொடிக்கு 1,00,000 கேள்விகள் என்ற அளவை நோக்கி ஏறிக்கொண்டே போகும். வரைபடத்தில் கேள்விக்கோடு மேலே போக, பதில்கோடு எங்கே பின்தங்குகிறதோ அதுதான் அந்தச் சர்வரின் உண்மையான அளவு. வழியில் ஃபயர்வால் இருந்தால் அது முதலில் திணறி, பழி சர்வர்மேல் விழக்கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு உபரி வேண்டும்? 2000இல் வந்த ஆர்எஃப்சி 2870 என்ற இணைய வழிகாட்டு ஆவணம், ஒவ்வொரு ரூட் சர்வரும் தன் உச்சச் சுமையைப்போல் மூன்று மடங்கைத் தாங்க வேண்டும் என்று விதித்தது. உச்சத்தைக் கணக்கில் எடுத்தார்கள், சராசரியை அல்ல. மற்றவர்களும் அதையே பின்பற்றுவது நல்லது.

சர்வர் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். விற்பவர் தரும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். பரபரப்பான நேரத்து உங்கள் சொந்தப் பதிவிலிருந்தே கேள்விகளை எடுத்து, பதில் வராத பெயர்களையும் அதில் கலந்து, கேஷைக் காலி செய்துவிட்டுச் சோதியுங்கள்.