அம்பு எங்கே தவறுகிறது?

வில் என்றவுடன் நம்மில் பலருக்கு இராமனும் அருச்சுனனும் நினைவுக்கு வருவர். தமிழ் இலக்கிய மாணவர்க்கோ வல்வில் ஓரிதான் முதலில் தோன்றுவான். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் அந்த வேட்டுவனின் ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயைக் கடந்து, மானையும் பன்றியையும் சாய்த்துப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது. இயற்பியல் மாணவனாகிய நான் தமிழ் வகுப்பில் எழுந்து, "ஐயா, யானையைத் துளைத்த பிறகும் அம்புக்கு அவ்வளவு வேகம் மிஞ்சியிருக்குமா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "ஐந்து விலங்கு இருக்கட்டும் தம்பி, நீ முதலில் இருபது தப்படியில் ஒரு பூசணிக்காயை அடித்துக் காட்டு" என்றார்.

இக்கட்டுரை அந்தப் பூசணிக்காயைப் பற்றியது.

வில் நம் பகுதிக்குப் புதிதன்று. ஆம்பூரில் 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்கள் கிடைத்துள்ளன. நுளம்பனின் படை ஆநிரை கவர வந்தபோது எதிர்த்து நின்று வீழ்ந்தோரின் நினைவுக் கற்கள் அவை. செங்கம் வட்டாரத்திலும் இத்தகைய கற்கள் ஏராளம். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், சில கற்களில் உடலில் தைத்த அம்புகள் எனச் சிற்பி செதுக்கியிருப்பான். செங்கம் நடுகற்களைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை நூலாக வெளியிட்டது 1972இல். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1972இல்தான். 1920க்குப் பின் ஒலிம்பிக்கில் இல்லாதிருந்த வில்வித்தை மியூனிக் நகரில் மீண்டும் சேர்க்கப்பட்டதும் அதே ஆண்டில். ஆக, இன்று நம் நாட்டில் வேட்டை வில் எடுப்பவன் வேட்டைக்குப் போக முடியாது, போகவும் கூடாது. ஆயினும் குறிபார்க்கும் கருவி எதுவும் பொருத்தாத அந்த எளிய வில்லை, வைக்கோல் கட்டின் மீதும் பூசணிக்காயின் மீதும் பழகத் தடையில்லை. வெளிநாடுகளில் நுரைப்பொருளால் செய்த மான், கரடி உருவங்களைக் காட்டுப்பாதையில் நிறுத்தி, தொலைவைச் சொல்லாமலேயே எய்யச் சொல்லும் போட்டிகள்கூட உண்டு.

எனக்குக் கிடைத்த முதல் வில், மூத்த மாணவர் ஒருவர் வைத்திருந்த 45 பவுண்டு மரவில். நாணை முழுதும் இழுத்துப் பிடிக்க ஏறத்தாழ 20 கிலோ எடையைத் தாங்கும் வலு வேண்டும் என்பது இதன் பொருள். வலுத்த வில்தான் வீரனுக்கு அழகு என்று நானும் நினைத்தேன். பாலாற்றங்கரையில், பின்னால் உயர்ந்த மண்மேடு உள்ள, ஆள் நடமாட்டமற்ற இடமாகப் பார்த்துக் கட்டை நிறுத்தினேன். ஒரு மாதம் எய்தேன். அம்புகள் மேட்டில் நாற்புறமும் சிதறின. இடது முன்கை நாண் அடித்துக் கன்றிப் போயிற்று. வலக்கை விரல்கள் மரத்துப் போய்ப் பேனா பிடிக்கவும் சிரமமாயிற்று. கண்ணில்தான் குறையோ என்று கண் மருத்துவரிடம்கூடப் போய் வந்தேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

பிறகுதான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். அம்பு புறப்படும் திசை ஒரே ஒரு பாகை பிசகினால், 20 மீட்டரில் அது 35 சென்டிமீட்டர் விலகிப் போகும். ஒலிம்பிக் தொலைவாகிய 70 மீட்டரில் விலகல் 122 சென்டிமீட்டர். அங்கு வைக்கும் இலக்கின் முழு விட்டமே 122 சென்டிமீட்டர்தான்! ஒரு பாகை என்பது வில் பிடித்த கையின் சிறு நடுக்கம். அத்தனை நுண்மையைக் கண்ணால் மட்டும் கட்டிக்காக்க இயலாது. இந்த எய்தலும் சென்ற எய்தலும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாயிருந்தால், தவறுகூட ஒரே இடத்தில் தவறும். ஒரே இடத்தில் விழும் தவறைத் திருத்துவது எளிது. குறி தவறாமையின் இரகசியம் இவ்வளவே. ஆகையால் பயில்வோர் முதலில் பார்க்க வேண்டியது அம்புகள் நடுவில் பட்டனவா என்பதையன்று. ஒன்றுக்கொன்று அருகில் பட்டனவா என்பதை.

எனக்கு அது ஏன் வாய்க்கவில்லை? வலக்கை, நாணோடு சேர்ந்து, ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். சுட்டுவிரல் நுனி கடைவாயைத் தொடும் இடம் பலருக்கு ஒத்துவரும். அந்த இடம்தான் வில்லாளிக்குப் பின்பக்கத்துக் குறிமுள். என் 45 பவுண்டு வில்லில் கை அங்கு வந்து சேரவேயில்லை. ஒரு நாள் மூன்று அங்குலம் முன்னே, மறுநாள் ஓர் அங்குலம் முன்னே நின்றது. அத்தகைய வில்லில் ஓர் அங்குலம் குறைய இழுத்தால் ஏறக்குறைய இரண்டு பவுண்டு விசை குறைந்துவிடும். ஒவ்வோர் அம்பும் வெவ்வேறு வில்லிலிருந்து புறப்பட்டதற்குச் சமம்! வெட்கத்தை விட்டு 25 பவுண்டு வில்லுக்கு இறங்கினேன். பத்து நாளில் அம்புகள் நெருங்கத் தொடங்கின.

நிற்கும் நிலையைப் பற்றி நம் முன்னோர் நிறையவே சிந்தித்துள்ளனர். பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என நால்வகை நிலைகளை நிகண்டுகள் கூறும். தொடக்க மாணவனுக்கு இவ்வளவு போதும்: இலக்கை நோக்கிப் பக்கவாட்டாகத் தோள் அகலத்தில் கால் பரப்பி, எடையை இரு கால்களிலும் சமமாக வைத்து நிற்பது. வில்லை இறுக்கிப் பிடிக்கலாகாது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவட்டில் அது தானே அழுந்தி நிற்கட்டும். இறுக்கினால் மணிக்கட்டு திரும்பும், அம்பும் திரும்பும். இடது முழங்கையைச் சற்றே வெளிப்புறம் திருப்பினால் நாண் முன்கையை அடிக்காது. இழுப்பது கைச்சதையின் வேலையன்று, முதுகின் வேலை. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகில் ஒன்றையொன்று நெருங்குவதை உணர வேண்டும். விடும்போது விரல்களை 'விரிக்க' முயலாதீர்கள்; தளர்த்தினால் போதும், நாண் தானே நழுவிச் செல்லும். அம்பு இலக்கில் தைக்கும் ஓசை கேட்கும்வரை இடக்கையை இறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் நான் இன்றும் அடிக்கடி மீறுகிறேன்.

இனி, நம் ஊர்ச் சரக்குக்கு வருவோம். என் தந்தை டேனரியில் வேலை பார்த்தவர். என் கன்றிய கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய், இரண்டு துண்டுத் தோல் கொண்டு வந்தார். ஒன்று பட்டை போட்டுப் பதனிட்ட, விறைப்பான முதுகுப் பகுதித் தோல். "வயித்துப் பக்கம் வேணாம்டா, அது இழுத்துக்கும்" என்று சொல்லி, முன்கைக்கு அளவெடுத்து வெட்டினார். மற்றொன்று குரோம் பதனிட்ட மெல்லிய ஆட்டுத்தோல், அது விரலுக்கு. மழமழப்பான மேற்புறம் நாணைத் தொடும்படி வைத்து மூன்று விரலுக்கும் சேர்த்து ஒரு துண்டு. நான் இன்னும் தடிப்பாகக் கேட்டேன். "தடிச்சா நாண் எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியாது" என்றார். வில்லைத் தம் வாழ்நாளில் தொட்டறியாதவர் சொன்ன அந்தச் சொல், பின்னர் நான் படித்த எந்தப் பயிற்சி நூலுக்கும் குறைந்ததன்று. விரலில் வலி இருந்தால் விடும் கணத்தில் விரல் பதறும். பதறினால் நாண் பக்கவாட்டில் உதறும். வலி போனதும் என் அம்புகளின் இட வல விலகல் பாதிக்கு மேல் குறைந்தது. முன்கையில் கட்டும் அத்தோலுக்கு வடமொழியில் 'கோதா' என்று பெயர், தமிழில் கோதை. உடும்புக்கும் அதுவே பெயர். அக்காலத்தில் உடும்புத் தோலில் செய்தனர் போலும். ஓரியின் அம்பு கடைசியில் உடும்பில் போய் நின்றதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

உருவம் சீரான பிறகே தொலைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். வேட்டை வில்லில் குறிமுள் இல்லாததால், தொலைவை மதிப்பிடுவது எய்பவன் பொறுப்பு. விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாகப் புறப்படும் அம்பு, 20 மீட்டர் செல்ல 0.4 விநாடி எடுக்கும். அதற்குள் புவியீர்ப்பால் 78 சென்டிமீட்டர் இறங்கிவிடும். 25 மீட்டரில் இறக்கம் 122 சென்டிமீட்டர். ஐந்து மீட்டர் தொலைவைத் தப்பாகக் கணித்தால் அம்பு 44 சென்டிமீட்டர் மேலோ கீழோ போகும் என்பது தெளிவு. பழங்கால வேட்டுவர் விலங்கின் மிக அருகில் ஊர்ந்து சென்றது இதனால்தான். தெருவில் நடக்கும்போது, "அந்த விளக்குக் கம்பம் எத்தனை மீட்டர்?" என்று மதிப்பிட்டுப் பிறகு தப்படியால் அளந்து பார்ப்பது நல்ல பயிற்சி. செலவில்லாததும்கூட.

பயிற்சியில் எனக்கு மிகவும் உதவியது, இலக்கே இல்லாமல் எய்வது. வைக்கோல் கட்டுக்கு மூன்று மீட்டரில் நின்று, நாணை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, உடலின் உணர்வை மட்டும் கவனித்து விடுவது. அந்தத் தொலைவில் கட்டைத் தவறவிட முடியாது. ஆதலால் மனம் இலக்கை நோக்கி ஓடுவதில்லை. இலக்கைக் கண்டதும் கை முகத்துக்கு வந்து சேருமுன்பே நாணை விட்டுவிடும் ஒரு பதற்ற நோய் வில்லாளர் பலருக்கு வரும். எனக்கும் வந்தது. அதற்கு மருந்து, முழுதும் இழுத்துக் குறி பார்த்து, எய்யாமலே மெல்லத் தளர்த்தி இறக்குவது. அம்பு பூட்டாத வெறும் நாணை மட்டும் இழுத்து விட்டுவிடாதீர்கள். வில் முறிந்து முகத்தில் அடிக்கும். எய்து முடித்தபின் இலக்கைப் படிக்கவும் தெரிய வேண்டும். அம்புகள் மேலும் கீழுமாகச் சிதறினால் இழுப்பின் நீளத்தைப் பாருங்கள். இடமும் வலமுமாகச் சிதறினால் பிடியையும் விரலையும்.

இராசத்தான் மாநிலப் பழங்குடிச் சிறுவனாக மூங்கில் வில்லால் வேட்டையாடிப் பழகிய லிம்பா ராம், 1987இல் தேர்வாளர்கள் கண்ணில் பட்டு, மறு ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் நின்றார். 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் 30 மீட்டர் தொலைவில் 360க்கு 358 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். 36 அம்புகளில் இழந்தது இரண்டே புள்ளி! கூரிய கண்ணைக் காடு கொடுத்திருக்கலாம். 36 முறையும் ஒரே மாதிரி இழுத்து ஒரே மாதிரி விடும் உடலைப் பயிற்சியன்றி வேறெது கொடுத்திருக்க முடியும்?

என் கணக்கு மிகச் சிறியது. சென்ற வாரம் 15 மீட்டரில் 12 அம்புகள் எய்தேன். ஒன்பது பூசணிக்காயில் தைத்தன, மூன்று அதற்குக் கீழே மண்ணில். அந்த மூன்றும் கையை முன்கூட்டியே இறக்கிய அம்புகள் என்பது விட்ட கணமே தெரிந்தது. பேராசிரியர் சொன்ன இருபது தப்படி ஏறக்குறைய அதே தொலைவுதான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மழை விட்டதும் ஒரு மாலை ஆற்றங்கரைக்கு அழைக்க வேண்டும், அப்பாவையும்.