வேகத்துக்கு விடுதலை, சக்கரத்துக்குக் கட்டுப்பாடு

ஐரோப்பாவில் ஒரு தேசத்திலிருந்து அண்டை தேசத்திற்குக் காரில் பிரயாணம் செய்பவரை எல்லையில் நிறுத்தி விசாரிப்பார் இன்று பெரும்பாலும் இல்லையாயினும், எல்லைக்கல் தாண்டிய மாத்திரத்தில் சாலையின் சம்பிரதாயங்கள் மாறிவிடுகின்றன. எதை ஓட்டுபவனின் விவேகத்துக்கு விடுவது, எதைச் சர்க்கார் தன் கையில் வைத்துக்கொள்வது என்பதில் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் ஒவ்வொரு மனோபாவம்.

ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளில் பல பகுதிகளுக்கு வேக வரம்பே கிடையாது; மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது ஆலோசனையேயன்றிக் கட்டளையன்று. ஆனால் அந்த வேகத்தை மீறியவர் விபத்தில் சிக்கினால், பிழை மற்றவருடையதேயானாலும், நஷ்டத்தில் ஒரு பங்கைத் தாமும் சுமக்க நேரலாம். சீறிவரும் வண்டிகளுக்கு நடுவே வலப்புறமாக முந்துவது குற்றம். பெட்ரோல் தீர்ந்துபோய் நடுவழியில் நின்றாலும் அபராதம் உண்டு.

இத்தனை தாராளம் காட்டும் அதே தேசத்தில், ஆசைப்பட்டு அகலமான சக்கரம் நான்கு வாங்கி மாட்டிக்கொள்ள விரும்புகிறவர் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். சக்கரத்துக்கென வழங்கப்பட்ட அனுமதிப் பத்திரம் இருக்க வேண்டும். அந்தப் பத்திரம் குறிப்பிட்ட கார் வகைக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ட்யூஃப் போன்ற பரிசோதனை நிலையத்துக்குச் சென்று, நிபுணர் ஸ்டியரிங்கைக் கோடி வரை திருப்பி, டயர் எங்கேனும் உராய்கிறதா என்று குனிந்து பார்த்து அத்தாட்சி தரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையேல் வண்டியின் இயக்க அனுமதியே ரத்தாகிவிடக்கூடும். இதை முரண்பாடு என்று சிலர் நகைப்பார்கள். எனக்கோ, வேகத்துக்குக் கொடுத்த சுதந்திரத்தின் விலையே இந்தச் சோதனை என்றுதான் தோன்றுகிறது.

நம்மைப் போலவே இடப்புறம் ஓட்டும் பிரிட்டனில் வேறு நியாயம். சாதாரண மாற்றங்களுக்கு இத்தனை பத்திரங்களைக் கேட்பதில்லை. மூன்று வயது நிரம்பிய கார் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. எனும் தகுதிப் பரீட்சையில் தேறினால் போதும் என்பதே பொதுவான போக்கு. ஆனால் ஒரு காரை அடியோடு மாற்றியமைத்தால், பழைய பாகங்களில் எவையெவை எஞ்சியிருக்கின்றன என்று 2025 வரை மார்க்குப் போட்டுவந்தார்கள்: சட்டகத்துக்கு 5, ஸஸ்பென்ஷனுக்கு 2, எஞ்ஜினுக்கு வெறும் 1. எட்டு மார்க்குக் கிடைத்தால்தான் பழைய பதிவெண் நிலைத்தது. எஞ்ஜினையே காரின் உயிர் என்று நம்பியிருக்கும் நம்மவர்க்கு இது வியப்பாக இருக்கும்.

பிரான்ஸில் 2017 முதல் முன்பக்கக் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும். கறுப்புத் தாள் ஒட்டி முகத்தை மறைத்துக்கொள்ள இயலாது.

விநோதமெல்லாம் ஸ்வீடனில்தான். அங்கே கார் லைசென்ஸுக்குப் பதினெட்டு வயதாக வேண்டும். ஆயினும் பதினைந்து வயதுப் பிள்ளைகள், பழைய வால்வோ ஒன்றின் பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டு, சரக்குத் தட்டு பொருத்தி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி அடக்கி, பின்புறத்தில் மந்தகதி வாகனத்துக்குரிய சிவப்பு முக்கோணத்தைத் தொங்கவிட்டு, சட்டப்படியே சாலையில் ஓட்டுகிறார்கள். யுத்த காலத்தில் டிராக்டருக்குப் பஞ்சம் வந்தபோது, விவசாயிகள் பழைய கார்களை உழவுக்கு மாற்றிக்கொண்ட வழக்கத்தின் மிச்சம் இது. வேகத்தை அடக்க ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கியர்பெட்டிகளை வைத்த காலமும் உண்டு. பஸ் அபூர்வமாக வரும் வடக்குக் கிராமங்களில் பள்ளிக்கும் நண்பர் வீட்டுக்கும் போக இதைவிட வசதி வேறில்லை. 2020இல் விதிகள் தளர்ந்து, மின்னணு முறையில் வேகத்தை அடக்கினாலே போதும் என்றாகவே, இத்தகைய வண்டிகளும் பெருகின, விபத்துகளும் பெருகின. அந்த மின்னணுப் பூட்டைத் திறக்கும் வித்தை அந்த வயதுக்குத் தெரியாததா? 2023இல் சர்க்கார் விழித்துக்கொண்டு, ஏறுகிறவர் ஒவ்வொருவருக்கும் பெல்ட் உள்ள ஆசனம் வேண்டுமென்று விதித்தது. சரக்குத் தட்டில் தோழர்களைக் குவித்துக்கொண்டு போகும் உல்லாசம் அத்தோடு சட்டவிரோதமாயிற்று.